போகிற பிள்ளையையும் வழியனுப்புவீர்களா?

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று திருத்தணியைச் சுற்றியிருக்கும் தறிக்கார ஊர்களில் ஆடிக் கிருத்திகை வந்தால் வீட்டுக்கு வீடு மஞ்சள் துணிதான். முருகனின் படைவீரர் வழிவந்தவர்கள் நாங்கள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செங்குந்தர்கள் நிறைந்த பகுதி அது. அங்கே ஒரு வீடு. இருபத்தொரு வயது மகன், திருநீறு பூச வந்த அம்மாவின் கையை மெல்லப் பிடித்து விலக்குகிறான். "வேணாம்மா. இனிமே நான் வெச்சிக்க மாட்டேன்." ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில், கூடத் தங்கியிருந்த பையன்களோடு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தவன், இப்போது ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவுசெய்துவிட்டான். அம்மாவுக்கு முதலில் வாயடைத்துப் போகிறது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கிறாள். "நாளைக்கு எனக்குக் கொள்ளி வெப்பியாடா? உன் தங்கச்சிய எவன் வந்து கட்டுவான்? உங்க பெரியப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" அப்பா எதுவும் கேட்கவில்லை. உள்ளே தறியை ஓடவிட்டு அதன் முன்னால் நிற்கிறார். அந்த இரைச்சலுக்கு நடுவே யாரும் அவரோடு பேச முடியாது.

எந்த வீடு என்று தேட வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இந்த வீடு இருக்கிறது. மகனுக்குப் பதில் மகள் இருப்பாள், தேவாலயத்துக்குப் பதில் பள்ளிவாசலோ புத்த விகாரையோ இருக்கும். கிறிஸ்தவ வீட்டுப் பெண் விபூதி பூச ஆசைப்பட்டிருப்பாள். முஸ்லிம் வீட்டுப் பையன் எந்தக் கடவுளும் வேண்டாம் என்றிருப்பான்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். தணிகை மலையில் முருகன் இருக்கிறான் என்பதையும் நம்பவில்லை, கல்லறையிலிருந்து ஒருவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதையும் நம்பவில்லை. ஆனால் அந்தப் பையன் என்னிடம் வந்து, "சபைக்குப் போகணும், வீட்டில் எதிர்க்கிறாங்க, கூட வர்றீங்களா?" என்று கேட்டால் போவேன். என் கருத்தை அவனிடம் ஒளிக்க மாட்டேன். ஒரு தவறான நம்பிக்கையை விட்டு இன்னொரு தவறான நம்பிக்கைக்குப் போகிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்லுவேன். சொல்லிவிட்டுக் கூடப் போவேன். என் தோழர்கள் பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். அவர்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்மாவின் பயத்தைப் பார்ப்போம். அதைக் கேலிசெய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவள் கேட்டவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். கொள்ளி, தங்கையின் கல்யாணம், பெரியப்பாவின் முகம். முருகன் எங்கே? அவள் கேள்விகளில் முருகன் வரவே இல்லை. இதே அம்மா, மகன் கைக்குழந்தையாய் இருந்தபோது காய்ச்சல் தணியவில்லை என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய் மொட்டை போட்டவள். தர்காவில் ஓதிக்கொடுத்த தண்ணீரை வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தவள். மாதாவையும் அவுலியாவையும் வீட்டுக்குள் விட அவளுக்கு ஒருநாளும் மனத்தடை இருந்ததில்லை. இன்னொரு கடவுளைக் கும்பிடுவதை நம் குடும்பங்கள் எதிர்ப்பதில்லை. சாதிக் கணக்கிலிருந்து ஓர் ஆள் குறைவதைத்தான் எதிர்க்கின்றன. பெண் கொடுக்கவும் எடுக்கவும் இருக்கிற வட்டத்தை விட்டு ஒருவன் வெளியே போகிறான் என்பதுதான் அங்கே இடிவிழுந்த செய்தி. கடவுள் மீதான பக்தி என்று நாம் மரியாதை கொடுத்து ஒதுங்கி நிற்கும் தயக்கத்தின் பெரும்பகுதி சாதியின் தயக்கம்.

1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அங்கே திரண்டது. டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். எந்த நாட்டுப் பணம் வந்தது, யார் ஆசை காட்டினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அதற்கு முந்தைய நாள்வரை அந்த மக்களைச் சமமாக உட்காரவிடாதவர்கள் யார் என்று கேட்க அத்தனை பேர் வரவில்லை. வெளியே போனபின் காட்டுகிற அக்கறையில் பாதியை உள்ளே இருந்தபோது காட்டியிருந்தால் போவதற்கே காரணம் இருந்திருக்காது.

சட்டமும் இந்த மனநிலையில்தான் இருந்தது. 2002 அக்டோபரில் தமிழக அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் வயது வராதவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு, ஒரு லட்சம். 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைக் கைவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது பட்டியலை மறந்துவிடக் கூடாது. பத்து வயதுக் குழந்தையும், நாற்பது வயதுப் பெண்ணும், ஐம்பது வயதுத் தலித் ஆணும் ஒரே வரியில். மூவருக்கும் சொந்த புத்தி போதாது, மூவரையும் யாரும் எளிதில் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது அந்த வரியின் பொருள். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு மனிதனின் அறிவை இல்லையென்று எழுதிவைத்த வரி அது.

அந்த எண்ணம் சட்டப் புத்தகத்தோடு ஒழியவில்லை. சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்த வைக்கத்துப் பெண் அகிலா இஸ்லாத்தைத் தழுவி ஹாதியா ஆனார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. தந்தை அசோகன் நீதிமன்றம் போனார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஹாதியாவின் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்து அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. அந்த வயதுப் பெண் பலவீனமானவள், யாரும் பயன்படுத்திக்கொள்ளக் கூடியவள் என்று தீர்ப்பு பேசியது. படித்து மருத்துவராகப் போகிற பெண், அரை ஆண்டுக் காலம், போலீஸ் காவலோடு அப்பா வீட்டில் இருந்தார். நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நின்று தனக்கு வேண்டியது சுதந்திரம் என்று சொன்ன பிறகு, படிப்பை முடிக்கச் சேலத்துக்குத் திரும்ப முடிந்தது. 2018 மார்ச் 8 அன்று திருமணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வழக்கில் என்னை மிகவும் உலுக்கியது அந்தத் தந்தைதான். அவர் கோயிலே கதியென்று கிடந்தவர் அல்லர். தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர், முன்னாள் ராணுவ வீரர். மகளைச் சிரியாவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சியதாகச் சொன்னார். அது வெறும் கற்பனையும் இல்லை, 2016-இல் கேரளத்து இளைஞர்கள் சிலர் பயங்கரவாத அமைப்பில் சேர உண்மையிலேயே ஆப்கானிஸ்தானுக்குப் போயிருந்தார்கள். அந்த அச்சத்தோடு காவல்துறைக்கு ஓடிய தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகள் நீதிமன்றத்தில் நின்று, நானாகத் தேர்ந்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் அவளைத் தன்வசம் ஒப்படைக்கும்படி கேட்டதில், ஒரு பக்தனுக்கும் ஒரு நாத்திகனுக்கும் இடையே என்ன வேறுபாடு மிஞ்சியது? கடவுளைத் தூக்கியெறிந்த பிறகும் பிள்ளையின் மனம் என் சொத்து என்ற எண்ணத்தைத் தூக்கியெறிய முடியாமல் நிற்கும் பகுத்தறிவாளர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். சாமி படம் இல்லாத வீட்டிலும் அப்பா சாமியாக உட்கார்ந்திருக்கலாம்.

பெரியார் இதை எப்படிப் பார்த்தார் என்பது நமக்கு வழிகாட்ட வேண்டும். எந்த மதத்தையும் ஏற்காத அவர்தான், தீண்டாமையிலிருந்து தப்ப வேண்டுமானால் இஸ்லாத்துக்குப் போங்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்களிடம் பல ஆண்டுகள் பேசினார். 1935-இல் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்ததும் வாழ்த்தினார். 1954-இல் ரங்கூனில் இருவரும் சந்தித்தபோது, பௌத்தத்துக்கு வரும்படி அம்பேத்கர் அழைத்ததையும், உள்ளே இருந்தால்தான் இந்து மதத்தைக் கண்டிக்க முடியும் என்று தாம் மறுத்ததையும் பெரியாரே பின்னாளில் மேடையில் சொன்னார். தாம் போகவில்லை. போகிறவரை வாழ்த்தினார். நிறையப் பேரோடு போங்கள் என்று யோசனையும் சொன்னார். தன் முடிவு வேறு, பிறர் முடிவுக்கான உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனம் அது.

சரி, அந்தப் பையனுக்கு உதவுவது என்றால் என்ன? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் முக்குவதா? இங்கேதான் மதத்துக்கு ஆள் சேர்ப்பவர்களுடன் நான் முரண்படுகிறேன்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. அதுவும் திருத்தணிக்குப் பக்கத்தில், அரக்கோணத்தைத் தாண்டினால் வருகிற காஞ்சியில் முடிகிற கதை. மணிமேகலை ஒரு இளம்பெண். பாட்டி சித்திராபதி அவளைக் குலத்தொழிலுக்கு இழுக்க என்னென்னவோ செய்கிறாள், இளவரசனைத் தூண்டிவிடுகிறாள், கடைசியில் மணிமேகலை சிறைக்கும் போகிறாள். இத்தனைக்குப் பிறகும் அவள் நேராகப் போய்ப் பௌத்தத்தில் சேர்ந்துவிடவில்லை. வஞ்சி மாநகரில் ஆண் துறவியின் வடிவெடுத்து, வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று ஒவ்வொரு சமயவாதியிடமும் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கடவுளே இல்லை என்கிற பூதவாதியையும் விட்டுவைக்கவில்லை. பெண் கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்பதற்காக வடிவத்தை மாற்றிக்கொண்டு கேட்கிறாள். அதன்பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் வந்தபோது, அந்தக் கிழவர் முதலில் என்ன கற்பிக்கிறார் தெரியுமா? அளவை. காட்சி எது, அனுமானம் எது, ஒரு வாதத்தில் எங்கெங்கே ஓட்டை விழும், போலிக் காரணம் எப்படி இருக்கும் என்று விரிவாகச் சொல்லித்தருகிறார். தருக்கத்தை முடித்த பிறகுதான் பௌத்தத்தின் சார்புத் தோற்றத்துக்குப் போகிறார். காப்பியத்தில் இந்தப் பகுதி சுவை குறைந்தது என்று பல புலவர்கள் கைவிட்டிருக்கிறார்கள். எனக்கு மணிமேகலையிலேயே மிகவும் பிடித்த இடம் அது. தன் கொள்கையை ஏற்க வந்த பெண்ணின் கையில், தன் கொள்கையையே வெட்டக்கூடிய கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறார் அறவண அடிகள். ஒரு இளம் உயிரைப் புதிய நம்பிக்கைக்கு அழைத்துச் செல்ல யாருக்காவது தகுதி இருந்தால் அது இப்படிப்பட்டவருக்குத்தான்.

இன்றைக்குச் சபை ஊழியர் யார் இதைச் செய்கிறார்? புதிதாக வந்தவன் கையில் சாட்சிகளும் அற்புதங்களும் நிறைந்த சிறு புத்தகங்களைக் கொடுக்கிறார்களே தவிர, எதிர்வாதத்தைக் கொடுப்பதில்லை. இஸ்லாத்துக்கு அழைக்கும் தாவா செய்கிறவர்களும் அப்படியே. 'தாய் மதம் திரும்புதல்' நடத்துகிறவர்களும் அப்படியே, அங்கே ஹோமம் வளர்ந்த பிறகு படம்பிடித்துப் போடுவதில்தான் அவசரம். எங்கள் இயக்கங்களும் விதிவிலக்கு இல்லை என்பதைத் தலைகுனிந்து சொல்கிறேன். கருப்புச் சட்டை போட்ட முதல் வாரத்திலேயே பையனை மேடையேற்றிச் சாமியைத் திட்டவைக்கிறோம். அவன் யோசித்து முடித்தானா என்று கேட்பதில்லை.

1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒன்று கிறிஸ்தவ நண்பர்களுக்குக் கசக்கும். அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, பிறரை மதம் மாற்றும் உரிமையைத் தரவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பை வைத்துப் பிற்காலத்தில் ஆடிய ஆட்டங்கள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஒரு வேறுபாட்டை நான் ஏற்கிறேன். மாறுகிற உரிமை பையனுடையது. மாற்றுகிற உரிமை எந்தப் போதகருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

எனவே அவனிடம் நான் பேசப்போவது இறையியல் அல்ல, நாளைக்கு அவன் சந்திக்கப்போகிற உண்மைகள். மதம் மாறியதற்காக அப்பாவின் சொத்தில் உன் பங்கு போகாது, அந்தத் தடையை 1850ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. ஆனால் மதம் மாறிய பின் உனக்குப் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை வரும் நாளில் இந்துவாக இருந்தாலொழிய, உன் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது, 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் 26ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வந்து கேட்பவள் மணமாகாத மகளாக இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்துச் சட்டப்படி பெற்றோரிடம் கேட்கக்கூடிய ஜீவனாம்ச உரிமை மதம் மாறியதும் போய்விடும். பட்டியல் சாதிப் பிள்ளையாக இருந்தால், கிறிஸ்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதியை இழப்பாய், சீக்கியத்துக்கோ பௌத்தத்துக்கோ போனால் இழக்க மாட்டாய். இந்த வேறுபாடு அநீதியானது, அதை எதிர்த்துப் பேச வேண்டும். ஆனால் அது இருக்கிறது என்பதை ஞானஸ்நானத்துக்கு முன்பே அவனுக்குச் சொல்லாத போதகர் அவனை ஏமாற்றுகிறார். சாதியிலிருந்து தப்பிக்கப் போகிறாய் என்றால் அங்கேயும் சாதி காத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணத்தைப் பிரித்துவைக்க எழுப்பிய சுவரை அவன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவுசெய்யட்டும்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் போகிறேன் என்றால், அது அவனுடைய முடிவு. வேறு யாரும் செய்துவைத்ததாக இருக்காது.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதினெட்டு நிரம்பாத பிள்ளையாக இருந்தால் எந்தச் சடங்குக்கும் நான் கூடப் போக மாட்டேன். படிக்கட்டும், கேட்கட்டும், நாலு கோயில் நாலு சர்ச் பார்க்கட்டும், சடங்கு காத்திருக்கும். இரண்டாவது, வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது. அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிவிக்க வேண்டும் என்கிறேன். தன் வாயால், தன் அம்மா முகத்தைப் பார்த்து அவன் சொல்ல வேண்டும். அடிப்பார்கள், பூட்டிவைப்பார்கள் என்ற அபாயம் இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு. மற்றபடி, "வீட்ல சொல்லாதே, சாத்தான் தடுப்பான்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவரைவிட்டு விலக வேண்டும். பெற்ற தாயைச் சாத்தானாகப் பார்க்கக் கற்றுத்தருகிற நம்பிக்கை எதுவாயினும் அது பிள்ளையைத் தனிமைப்படுத்துகிறது. தனிமைப்பட்ட பிள்ளையை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். திருத்தணியிலேயே பிறந்த ராதாகிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று அவருடைய படிப்பில் பெரும்பகுதி மிஷனரிகளிடம்தான். அந்தக் கிறிஸ்தவக் கல்லூரி, ஜான் ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1841-இல் அந்தப் பள்ளி மாணவர்கள் இருவர் ஞானஸ்நானம் பெற்றபோது பெற்றோர்கள் பதறிப்போய்ப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள, வகுப்பறைகளே வெறிச்சோடின. அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்பு அதே கல்லூரியில் மிஷனரிகள் இந்து மதத்தை விமர்சித்ததைக் கேட்டுத் தம் நம்பிக்கை ஆட்டங்கண்டதாக ராதாகிருஷ்ணனே எழுதியிருக்கிறார். அந்த ஆட்டந்தான் அவரை வேதாந்தத்தைத் தோண்டிப் படிக்கவைத்தது. அதன் அறவியலைப் பற்றி ஆய்வேடு எழுதவைத்தது. அவர் இந்துவாகவே நின்றார். அவருடைய முடிவு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் வேற்று மதக் காற்றுப் பட்டாலே பிள்ளை போய்விடும் என்ற பயத்துக்கு உங்கள் ஊர்க்காரரே பதில். கேட்டுப் பார்த்து நின்றவன் நிற்பான். கேட்கவிடாமல் பூட்டிவைத்தவன் பூட்டு திறந்த அன்றைக்கே போவான்.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். ஒரு பிள்ளை உங்களிடம் வரும்போது உதவுகிறீர்கள். உங்களைவிட்டுப் போகும்போது?

நாவுக்கரசர் கதையை எல்லாரும் அறிவோம். மருள்நீக்கியார் என்ற அந்த இளைஞர், ஒரே துணையான அக்காள் திலகவதியார் வருந்த வருந்தச் சமணத்துக்குப் போகிறார், அங்கே தருமசேனர் என்று பெரிய நிலைக்கு உயர்கிறார். அக்காள் வழக்குப் போடவில்லை, ஆள் வைத்துத் தூக்கிவரவில்லை. திருவதிகையில் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டு காத்திருந்தாள். சூலை நோய் வந்து அவர் திரும்பியபோது கதவைத் திறந்துவைத்திருந்தாள். குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும். ஆனால் அவர் விட்டு வந்த இடம் என்ன செய்தது? சேக்கிழார் சொல்வதுபடி நீற்றறையில் போட்டார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள். சேக்கிழார் சைவர், சமணரைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே வரலாறாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதே சேக்கிழார், இந்தத் தண்டனைகளை விதித்த மன்னன் சைவனான பிறகு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் சிவன் கோயில் கட்டினான் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்கிறார். யார் கை மேலே இருந்தாலும் போகிறவனுக்கு அடிதான் என்று அந்தக் கதை நமக்கு ஆயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2016 நவம்பரில், கேரளத்து மலப்புறம் மாவட்டம் கொடிஞ்ஞியில், ஃபைசல் என்ற இளைஞர் விடியற்காலையில் சாலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அனில்குமாராகப் பிறந்து, சவூதியில் வேலைபார்த்தபோது இஸ்லாத்தைத் தழுவியவர். கைதானவர்களில் அவருடைய நெருங்கிய உறவினரும் இருந்தார். நான்கே மாதம் கழித்து, 2017 மார்ச்சில், மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் கோவையில், ஃபாரூக் என்ற முப்பத்தொரு வயதுப் பழைய இரும்பு வியாபாரியை இரவில் அழைத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள். அவர் இஸ்லாத்தை விட்டு நாத்திகரானவர், திராவிடர் விடுதலைக் கழகத் தோழர். ஒருவர் இஸ்லாத்துக்குள் போனதற்காகச் செத்தார், மற்றவர் இஸ்லாத்திலிருந்து வெளியே வந்ததற்காகச் செத்தார். ஃபைசலுக்காகக் கொதித்தவர்கள் பலர் ஃபாரூக்குக்காக வாய் திறக்கவில்லை. ஃபாரூக்கின் பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலம் போக ஆசைப்பட்டவர்கள் ஃபைசல் என்று ஒருவர் இருந்ததையே சொல்வதில்லை.

அந்த இரண்டு வீடுகளிலும் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஃபைசலின் தாய், மகன் போன வழியே தானும் போனார். ஃபாரூக்கின் தந்தை, கடவுள் மறுப்புக்காகத்தான் என் மகனைக் கொன்றார்கள் என்றால் நானும் அவன் கொள்கையில் சேர்கிறேன் என்று அறிவித்தார். இருவரும் எந்தக் கூட்டத்தில் நின்று எந்த வாதத்தைக் கேட்டு முடிவெடுத்தார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த பிறகுதான் பிள்ளையின் பக்கம் போய் நிற்க முடிந்தது. திருத்தணியில் அந்த அம்மாவுக்கு மகன் உயிரோடு எதிரே நிற்கிறான். அவன் பக்கம் நிற்பதற்கு அவன் நம்புவதை அவள் நம்ப வேண்டியதில்லை.

1948-இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவில், மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை என்ற சொற்களைச் சேர்த்தபோது சவூதி அரேபியா எதிர்த்தது, இறுதி வாக்கெடுப்பில் விலகி நின்றது. பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான் எழுந்து, எங்கள் மார்க்கம் இதை அனுமதிக்கிறது என்று ஆதரித்துப் பேசினார். அவர் அகமதியர். 1974-இல் அதே பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதியர்களை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று அறிவித்தது. மாறும் உரிமையை ஆதரித்து அந்த நாட்டின் பெயரால் பேசியவருக்கு, தன் மதம் எது என்று சொல்லும் உரிமையையே அந்த நாடு மறுத்துவிட்டது. பெரும்பான்மையின் தயவில் விடப்பட்ட எந்த மனச்சான்றுக்கும் இதுதான் நேரும். இங்கே இந்துப் பெரும்பான்மைக்கு அது பொருந்தாது என்று எண்ணுகிறவர்கள், சில மாநிலங்களில் மதம் மாறுமுன் மாவட்ட ஆட்சியரிடம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றிருக்கும் சட்டங்களை எடுத்துப் படிக்கட்டும்.

ஆகவே திருத்தணிப் பையனோடு நான் சபைக்குப் போகும் நாளில், போதகரிடம் ஒரு வேண்டுகோள் வைப்பேன். ஞானஸ்நானத்துக்கு முன்னால், சபையார் அத்தனை பேர் காதிலும் விழும்படி, முடிந்தால் அவன் அம்மாவையும் முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் சொல்ல வேண்டும்: இவன் நாளைக்கு மனம் மாறி மலைப்படி ஏறிக் காவடி எடுத்தாலும், எந்தச் சாமியும் வேண்டாம் என்று போனாலும், இங்கே யாரும் இவனைத் துரோகி என்று சொல்ல மாட்டோம், இவன் கல்யாணத்துக்கும் இவன் வீட்டுச் சாவுக்கும் இப்போதுபோலவே வருவோம், இவனைச் சபிக்க மாட்டோம். இதே உறுதியை ஜமாத்திடமும் கேட்பேன். ஹோமம் வளர்க்கிறவர்களிடமும் கேட்பேன். எங்கள் இயக்கத் தோழர்களிடமும் கேட்பேன்.

அதைச் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு அவன் போக நினைத்தால் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கே நான் கூடப் போக மாட்டேன், ஏன் வரவில்லை என்பதை அவன் அம்மா எதிரிலேயே அவனிடம் சொல்லுவேன்.